மாவுக்கட்டில் ஒட்டிய சிவப்பு அம்பு

"கையெழுத்தப் போட்டுத் தொலைடி! பெரிய மனுசன் எம்புட்டு நேரமா காத்துக்கிட்டிருக்காரு!"

மொக்கைச்சாமி கத்தியது மனைவிக்காக மட்டுமல்ல. பள்ளித் தாளாளர் கிட்டுசாமிக்கும் கேட்கட்டும் என்றுதான். மண்ணரையில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

ஒச்சம்மாள் அசரவில்லை. அவர் கொண்டுவந்த கடிதத்தை மறுபடி படித்தாள். ‘என் மகள் மதுமதி மாடிப்படியில் தானாகவே தவறி விழுந்தாள். இதற்குப் பள்ளி நிர்வாகம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல.’ அடடா, என்ன தமிழ்! அவள் சொல்ல வேண்டியதை அவர்களே அச்சடித்து, கையெழுத்துக்குக் கோடும் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு பை ஆப்பிள்.

கட்டிலில் மதுமதி, வலது கையில் மாவுக்கட்டோடு. ஆறாம் வகுப்பு. உடைந்தது கைதானே, வாய் இல்லையே! அம்மா பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவரும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களைக் கட்டு முழுக்க ஒட்டி, "இங்க வலி, இங்க அரிப்பு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் செக்கிங்கில் ஒட்டுகிற அம்பு அது. ஒச்சம்மாளுக்கு ஒன்பது வருடமாக அதுதான் வேலை.

நடந்தது இதுதான். இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை முதல் பெஞ்சில் உட்கார்வது உடன் படிக்கும் வர்ஷினிக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் பொறுக்கவில்லை. "ஓசி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். டிபன் பாக்ஸை ஒளித்தார்கள். போன வியாழக்கிழமை படியில் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

"ஏனுங்கம்மா, இன்னும் யோசிக்கறீங்க? புள்ளைங்க தள்ளிக்கிட்டதுக்குப் பள்ளிக்கோடம் என்னங்க பண்ணும்? நானாங்க தள்ளுனேன்?" என்றார் கிட்டுசாமி. மனிதர் கழுத்தை நெரித்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் நெரிப்பார்.

"நீங்க தள்ளலங்கய்யா." ஒச்சம்மாள் மகளின் பள்ளி டைரியை எடுத்து விரித்தாள். "மூணு தடவ எழுதி அனுப்புனேன், பாருங்க. ‘என் மகளை அடிக்கிறார்கள், கவனிக்கவும்.’ மூணுக்குங் கீழ சித்ரகலா மிஸ் கையெழுத்து இருக்கு. பாத்துட்டுத்தானே பேசாம இருந்திருக்காக?"

கிட்டுசாமி கைக்குட்டையைத் தேடினார். "ஒரு கிளாஸ்ல நாப்பது புள்ளைங்க இருக்குதுங்க..."

"எங்க டேபிள்ல ஒரு நாளைக்கு அறுநூறு பீஸுங்கய்யா. தப்பாத் தைக்கிறது டெய்லரு. ஆனா டேமேஜப் பாத்துட்டு நான் பாஸ் பண்ணி விட்டா, எங் கழுத்தத்தான் பிடிப்பாக. ஒரு பனியனுக்கே அப்படின்னா எம் புள்ளைக்கு?"

மொக்கைச்சாமி டைரியைத் தன் பக்கம் இழுத்துப் படித்தான். மூன்று தடவை எழுதிய சங்கதி அவனுக்கு இப்போதுதான் தெரியும்.

தாளாளர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "ஒத்து வரலீங்கன்னா டிசி குடுத்துருவோமுங்க. வேற பள்ளிக்கோடம் பாத்துக்கங்க."

அந்த ஒரு இலவச இடத்துக்காக ஒச்சம்மாள் எத்தனை நாள் கூலியை விட்டு அலைந்திருக்கிறாள்! மகளைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக மதுமதி வாயை மூடியிருந்தாள்.

"நானா விழலம்மா," என்றாள் மெதுவாக.

அவ்வளவுதான். ஒச்சம்மாள் மாவுக்கட்டிலிருந்து இரண்டு அம்புகளை உரித்தாள். கடிதத்தில் ‘தானாகவே’ பக்கத்தில் ஒன்று, ‘பொறுப்பல்ல’ பக்கத்தில் ஒன்று ஒட்டினாள்.

"ரெண்டு டேமேஜ் இருக்குங்கய்யா, பாஸ் பண்ண முடியாது. டிசி குடுக்கிறதுன்னா எதுக்குன்னு எழுதி, கீழ நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கலெக்டராபீசுல காட்டிக்கிறேன்." மகளின் பேனாவை எடுத்து நீட்டினாள்.

கையெழுத்து வாங்க வந்தவர், கரண்ட் கம்பியைப் பார்ப்பதுபோல அந்தப் பேனாவைப் பார்த்தார்.

"அது எப்படிங்க... நான் எப்படிங்க பொறுப்பேத்துக்க முடியும்?" என்றபடியே எழுந்து காருக்கு நடந்தார். ஆப்பிள் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டவர், அவசரத்தில் கடிதத்தைக் கட்டிலிலேயே விட்டுவிட்டார்.

மொக்கைச்சாமி அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடப் போனான். வாசலில் நின்றான். திரும்பி மகளின் கையைப் பார்த்தான். பிறகு கடிதத்தை மடித்து டைரிக்குள் வைத்து மூடினான்.

"திங்கக்கிழமதானே கலெக்டராபீசுல மனு வாங்குவாக?" என்றான். "நானும் லீவு சொல்லிட்டு வாரேன்டி."