பத்து நிமிட நாற்காலி

விடியற்காலை ஐந்து மணிக்கே சலவைக்கூடத்தின் தகரக் கூரை வியர்க்கத் தொடங்கிவிடும். ஆவி மேலே போய் முட்டி, சொட்டுச் சொட்டாகப் பெண்களின் பிடரியில் விழும். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வந்த விரிப்புகள் வெளுத்து, பிழிந்து, ஈரக் கனத்தோடு தள்ளுவண்டியில் கிடக்கும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, சுருக்கம் எடுக்கும் கொதிக்கும் ரோலருக்குள் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு நாலு விரிப்பு. போன வருடம் மூன்றுதான்.

பெரியக்கா பதினொரு வருடமாக உதறுகிறாள். அது கூடத்தில் வைத்த பேர்; அங்கே எல்லோருக்கும் இப்படி ஒரு பட்டப்பேர் உண்டு. பத்து மணி நேரம் நின்றே வேலை. உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. அவளுக்கு மட்டும் தினமும் பத்து நிமிடம் உட்காரக் கிடைக்கும். சோப்பு அறைச் சாவி வாங்க மேலாளர் அறைக்குப் போவாள். "உட்காருங்கக்கா, கால் வலிக்கும்" என்பார் அவர். பஞ்சு வைத்த நாற்காலி. உட்கார்ந்ததும் குதிகாலிலிருந்து ஒரு நிம்மதி மெல்ல மேலே ஏறும். மனிதர் தன்மையானவர், நல்லது கெட்டது விசாரிப்பார்.

ஒன்பது நாளைக்கு முன், அவளுக்கு எதிர் முனை பிடிக்கும் நெட்டையின் வலது கை ரோலருக்குள் போயிற்று. ரோலரின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டாலே இயந்திரம் நின்றுவிடும். தொட்டதற்கெல்லாம் நிற்கிறது, வேலை கெடுகிறது என்று அதை அசையாமல் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். கட்டச் சொன்னவர் மேலாளர். கட்டியவன் மெக்கானிக். கட்டும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டவள் பெரியக்கா. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும்கூட.

விபத்து நடந்த மறுநாள் வந்து பார்த்தால் கட்டுக்கம்பியைக் காணோம். தடுப்புக் கம்பி ஒன்றும் அறியாத பிள்ளைபோல் பளபளவென்று நின்றது. கூடவே ஒரு தாளும் வந்தது. தடுப்பு சரியாகத்தான் இருந்தது, அந்தப் பெண்ணின் கவனக்குறைவே காரணம். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் நெட்டைக்கு வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை.

யாரும் போடக் கூடாது என்று பஸ் நிறுத்தத்தில் நின்று பேசி முடிவெடுத்தார்கள். மறுநாளே மேலாளருக்குத் தெரிந்துவிட்டது. பேச்சை ஆரம்பித்த இரண்டு பேரை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றினார். அடுத்த முறை கழிப்பறையில் கூடிப் பேசினார்கள். அதுவும் தெரிந்துவிட்டது.

"நமக்குள்ளயே ஒரு ஓட்டை இருக்குடி" என்றாள் வாயாடி.

"ஓட்டையா? கதவே தொறந்து கெடக்குது" என்றாள் பெரியக்கா.

அன்றிலிருந்து ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனாலும் நாலு ஜோடிக் கண்கள் பின்னாலேயே போயின. எல்லோரையும்விட உற்றுப் பார்த்தவள் பெரியக்காதான். அவள் கண் கடைசியில் மடிப்புக்காரியிடம் போய் நின்றது. மேசையோரம் நின்று துணி மடிப்பவள், பத்து வார்த்தை கேட்டால் ஒன்று பேசுபவள். விபத்து நடந்த மாலை, அவள் எதையோ சோற்று டப்பாவுக்குள் திணித்து மூடியதைப் பெரியக்கா பார்த்திருந்தாள்.

"பேசாம இருக்கறவதான் வெளியில போய் எல்லாத்தையும் பேசறவ. சரியான அமுக்குணி" என்றாள். பேர் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"ஏங்க்கா நவுந்து நவுந்து போறீங்க?" என்று கேட்டாள் மடிப்புக்காரி.

"காத்து வரட்டும்னுதான்" என்றாள் வாயாடி. சிரிப்பு எழுந்தது. மடிப்புக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலை. நாற்காலி. குதிகாலில் ஏறும் நிம்மதி.

"அப்புறம்க்கா, உங்க அமுக்குணி எப்படி இருக்கா?" என்று சிரித்தார் மேலாளர். "நேத்து ஏதோ சொல்ல வந்தீங்க, போன் வந்துடுச்சு. எதையோ ஒளிச்சு வெச்சிருக்கான்னு..."

பெரியக்காவுக்குத் திக்கென்றது. இந்தப் பேர் இவருக்கு எப்படித் தெரியும்? வைத்து மூன்று நாள் ஆகவில்லையே. எவள் சொன்னாள்? வழக்கம்போல ஒவ்வொரு முகமாக மனசுக்குள் நிறுத்திப் பார்த்தாள். வாயாடியா? புதிதாய் வந்த சின்னவளா? வரிசை முடிந்து கடைசியில் ஒரு முகம் மிச்சமிருந்தது. அது அவளுடையது.

நேற்று இதே நாற்காலியில், அவரைச் சிரிக்க வைக்க அவளேதான் அந்தப் பேரைச் சொன்னாள். அதற்குச் சில நாள் முன்னால், "ஏங்க்கா முகம் வாடியிருக்கு?" என்று அவர் கேட்டதற்கு, பஸ் நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நின்றதைச் சொன்னாள். யார் யார் என்றார். சொன்னாள். கழிப்பறைப் பேச்சும் அப்படித்தான் போனது. தெரியாமல் சொன்னதுதானே? இல்லை. ஏதாவது சொன்னால் பத்து நிமிடம் பன்னிரண்டாகும் என்று அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

சோற்று டப்பா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அதை விழுங்கினாள்.

"ஒளிச்சு வெக்க என்ன சார் இருக்கு, கிழிஞ்ச முந்தானையத்தான் சொருகிச் சொருகி மறைக்கறா. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று எழுந்தாள். நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

மத்தியானம்வரை விரிப்புகளை உதறிக்கொண்டே தன்னோடு மல்லுக்கட்டினாள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பழிதான் ஏற்கெனவே ஒருத்தி தலையில் இருக்கிறதே. எதிர் முனையில், நெட்டை நின்ற இடத்தில் சின்னவள் நின்றாள். அவள் விரல்கள் ரோலரின் வாய் அருகே போய்ப் போய் வந்தன.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே சொன்னாள் பெரியக்கா. "நாந்தான்."

"என்ன நாந்தான்?"

"ஓட்டை. நாந்தான்." நாற்காலியைச் சொன்னாள். கட்டுக்கம்பியின் மறுமுனையையும் சொன்னாள்.

வாயாடி வாய்க்குக் கொண்டுபோன சோற்றை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள்.

"அடிப்பாவி!" என்றாள் வாயாடி. "ஊரெல்லாம் திருடியத் தேடினியே, உன் வீட்டுக் கண்ணாடியில ஒரு தடவ பார்த்திருக்கக் கூடாது?"

பெரியக்கா தலைகுனியவில்லை. குனிந்தால் அதுவும் ஒளிந்துகொள்வதுதான் என்று தோன்றிற்று.

மடிப்புக்காரி எழுந்து வந்தாள். டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே சுருண்டு கிடந்தது கட்டுக்கம்பி. அதில் நெட்டையின் சட்டைக் கையிலிருந்து உருகி ஒட்டிய நீல நூல்.

"அன்னிக்கு மெக்கானிக் அவுத்துக் குப்பையில போட்டான். எடுத்து வெச்சேன். நாளைக்குத் தொழிலாளர் ஆபீசர் வர்றாராம். அதுக்குள்ள யார்கிட்ட காட்டறதுன்னு தெரியல. எல்லார் மேலயும் சந்தேகம். உங்க மேல ரொம்ப."

அந்த நேரம் மேலாளர் தாளோடு வந்தார். டப்பா டக்கென்று மூடிக்கொண்டது. பின்னால் காவலாளி பஞ்சு வைத்த நாற்காலியைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் போட்டான்.

"பெரியக்கா, நீங்க மொதல்ல போடுங்க. மத்தவங்க தானா போடுவாங்க. உட்காருங்க."

"நின்னே பழகினவ சார். நின்னுக்கிட்டே சொல்றேன். தடுப்பு கட்டியிருந்துச்சு. ஒரு முனையை நாந்தான் புடிச்சேன்."

அவர் முகத்திலிருந்த தன்மை கழன்று விழுந்தது. "அப்போ கேஸ் உங்க மேலதான் வரும். தெரியுமில்ல?"

"வரட்டும் சார். புடிக்கச் சொன்னது யாருன்னு அங்கயும் கேப்பாங்க."

"சாட்சி இருக்கா?"

மடிப்புக்காரியின் கை டப்பாவை நோக்கி நகர்ந்தது. பெரியக்கா கால் விரலால் அவள் பாதத்தை அழுத்தினாள். இப்போது வேண்டாம். நாளைக்கு.

"கேக்கறேன்ல, யாருக்காவது ஏதாவது தெரியுமா?"

எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வாயாடிகூட. சின்னவள் வந்து வாயாடியை ஒட்டி நின்றாள். அவளை ஒட்டி இன்னொருத்தி. மேலாளர் முகம் முகமாகத் தேடினார். எப்போதும் ஏதாவது கசியும் அந்தக் கூடத்தில் அன்று ஒன்றும் கசியவில்லை. "நாளைக்குப் பார்த்துக்கறேன்" என்று தாளை மடித்துக்கொண்டு போனார்.

பெரியக்கா மெதுவாகக் கேட்டாள். "என்னை நம்பறியா?"

"இல்ல" என்றாள் மடிப்புக்காரி. "பக்கத்துல நில்லுங்க. இப்போதைக்கு அது போதும்."

நின்றாள். யாரும் உட்காராத நாற்காலியின் பஞ்சின் மேல் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.