பக்கத்து சீட்டு பிரேக்

உலகத்தில் ஒருத்தருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்பது மாஸ்டரம்மாவின் தீர்மானமான கருத்து. இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் இப்படி நினைத்தால் தொழில் எப்படி ஓடும் என்று கேட்காதீர்கள், ஜோராகவே ஓடியது. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு திணறுவார். பக்கத்து சீட்டில், இவள் காலடியில், இன்னொரு பிரேக் இருக்கும். ஆபத்து என்றால் இவள் மிதிப்பாள், வண்டி நிற்கும். "இன்னிக்கும் ஒரு உயிர காப்பாத்திட்டுத்தான் வரேன்" என்று வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லாத நாள் கிடையாது. அவள் கணவர் பேப்பரை இறக்காமலே "சரிம்மா" என்பார்.

இத்தனை வருஷத்தில் அவள் பிராணனை அதிகமாக வாங்கியது அவளுடைய சொந்த நாத்தனார்தான். நாற்பத்தேழு வயது. புருஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டுப் பின் அறையில் இருக்கிறாள். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அப்படிப்பட்டவள் யாரிடமும் சொல்லாமல் போய் ஒரு வேலைக்குப் பேசிவிட்டு வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில், கிளினிக் கிளினிக்காகப் போய் சாம்பிள் பெட்டிகளை வாங்கி வரும் வேனுக்கு டிரைவர். லைசென்ஸோடு திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள், வராவிட்டால் அடுத்த ஆள் தயார். லைசென்ஸ் டெஸ்ட் வெள்ளிக்கிழமை. அதற்குப் போக வேண்டுமானால், 'பயிற்சி முடித்துவிட்டார்' என்ற படிவத்தில் மாஸ்டரம்மா கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை காலை வரை அவள் போடவில்லை.

"அண்ணி, நாளைக்கு டெஸ்ட்டு."

"தெரியும். எங்கிட்டயும் காலண்டர் இருக்கு."

"அந்த ஃபாரம்..."

"கையெழுத்து போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? நீ எவன் மேலயாவது ஏத்திட்டு வந்து நின்னா யாரு பதில் சொல்றது? போன வாரம் ரவுண்டானாவுல அந்த சைக்கிள்காரன் என்ன ஆகியிருப்பான்? என் கால் மட்டும் இல்லேன்னா அவன் இன்னிக்கு இல்ல."

"ஆமா அண்ணி."

இந்த 'ஆமா அண்ணி'யைக் கேட்டாலே மாஸ்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிர்த்தாவது பேசித் தொலைக்கலாமே! சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவள் தலையைக் குனிந்துகொண்டு படிவத்தை மேஜை மேல் மெதுவாக வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். மனுஷி இருக்கும் இடத்தில் ஒரு சத்தம் வேண்டாமா?

அப்போதுதான் போன் அடித்தது. மெக்கானிக்.

"அக்கா, உங்க கேபிள் வந்துடுச்சு. வண்டிய கொண்டாந்தா அரை மணியில மாட்டிடுவேன்."

"எந்த கேபிள்?"

"உங்க பக்கத்து பிரேக் கேபிள்தான். நைஞ்சு போயிருக்குன்னு கழட்டி வெச்சேனே. மூணு வாரம் ஆச்சு."

"கழட்டினியா? என்னடா உளர்ற? நான் தினம் மிதிச்சிக்கிட்டிருக்கேன்!"

"பெடல் இருக்கும்க்கா. ஸ்பிரிங் இருக்கு, கீழ போகும், மேல வரும். ஆனா பிரேக் புடிக்காது. அன்னிக்கே சொன்னேனே, கேபிள் வர்ற வரைக்கும் பாடம் எடுக்காதீங்கன்னு. நீங்க போன்ல யாரையோ திட்டிக்கிட்டிருந்தீங்க. சரி சரின்னு தலையாட்டினீங்க."

"தலையாட்டினா சொன்னது கேட்டுச்சுன்னு அர்த்தமா? அறிவு வேண்டாம் உனக்கு?" என்று கத்திவிட்டு போனை வைத்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராக வாசலுக்குப் போய், வண்டியின் இடது வலது எல்லாக் கதவையும் விரியத் திறந்து, தன் சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். காலடியில் பெடல் கீழே போனது, மேலே வந்தது. கூடவே அசைய வேண்டிய ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடல் துளிகூட அசையவில்லை. பத்துத் தடவை மிதித்தாள். பத்துத் தடவையும் அதே கதைதான்.

மூணு வாரம்! காலேஜ் பெண், ரிட்டையர் ஆன பேங்க் மேனேஜர், போதாததற்கு இந்த நாத்தனார். கடைத்தெரு, ஸ்கூல் வாசல், பாலம் என்று ஒரு இடம் விடவில்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் ஒன்றும் ஆகாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அப்படியானால் வண்டியை நிறுத்தியது யார்?

'நான் பிரேக்குனு கத்துவேனே, அதைக் கேட்டுத்தான் நிறுத்தியிருப்பாங்க' என்று ஒரு சமாதானம் தோன்றியது. நல்ல சமாதானம்தான். அரை நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் பாழாய்ப்போன அந்த சைக்கிள்காரன் நினைவுக்கு வந்துவிட்டான். அன்றைக்கு ரவுண்டானாவில் அவள் கத்தவில்லை. சாலையையே பார்க்கவில்லை. கியர் மாற்றியது சரியில்லை என்று நாத்தனார் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தாள். வண்டி சடக்கென்று நின்றது, தலை முன்னால் போய் வந்தது, நிமிர்ந்தால் எதிரே சைக்கிள். கால் பெடல் மேல் இருந்தது. அதனால் கால்தான் நிறுத்தியது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் இதைக் கணவரிடம், பக்கத்து வீட்டில், தம்பியிடம் போனில் என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நாத்தனார் அங்கேயே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நினைத்துப் பார்க்க மாஸ்டரம்மாவுக்குக் காதெல்லாம் சுட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"இங்க வா!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நாத்தனார் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"இந்த பிரேக் புடிக்கலன்னு உனக்குத் தெரியுமா?"

நாத்தனார் பெடலைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "தெரியும் அண்ணி."

"எப்பலேருந்து?"

"மெக்கானிக்கிட்டேருந்து வண்டி வந்த ரெண்டாம் நாளே. நீங்க மிதிக்கிறீங்க, வண்டி பாட்டுக்கு போவுது. அப்புறம் நானே பாத்து நிறுத்த ஆரம்பிச்சேன்."

"ஏன்டி சொல்லல? வாயில என்ன வெச்சிருந்த? ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்! மத்தவங்க வேற ஓட்டினாங்க!"

"தப்புதான் அண்ணி. மத்தவங்கள நான் நெனைக்கவே இல்ல. சொல்லியிருக்கணும்." சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "சொன்னா வண்டிய அன்னிக்கே நிறுத்திடுவீங்க. அதுவும் இல்லாம... நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து, கேஸ் அடுப்பு பத்த வெச்சாகூட நீங்க பின்னாடியே வந்து பாப்பீங்க. இந்த மூணு வாரந்தான் என்னை நம்பி, நிம்மதியா பக்கத்துல உக்காந்திருந்தீங்க. உங்களுக்குத் தெரியாமதான். இருந்தாலும் நல்லா இருந்துச்சு."

மாஸ்டரம்மா அந்தப் பெடலை முறைத்தாள். இருபத்தாறு வருஷமாக எத்தனை பேர் தாங்களாகவே நிறுத்திய வண்டியைத் தான் நிறுத்தியதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோமோ! 'உனக்கு இந்த ஜென்மத்துல வராது' என்று திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர்? அவர்களை இனி எங்கே போய்த் தேடுவது? ஒரே காலைப்பொழுதில் ஒரு மனுஷி எவ்வளவைத்தான் தாங்குவாள்?

விடுவிடுவென்று உள்ளே போனாள். பேனா எழுதவில்லை, அதையும் திட்டினாள். வேறு பேனா எடுத்து, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்து நாத்தனாரின் கையில் திணித்தாள்.

"போதும், அழாத. மொதல்ல அந்த கேபிள மாட்டணும். ஏறு. நீதான் ஓட்டற. மெதுவா போ."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். மாஸ்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சீட்டுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். தெருமுனை வந்தது. சொல்ல வாயெடுத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைத்தெருவில் ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்தது. நாத்தனார் நிறுத்தி, வழிவிட்டு, மறுபடி எடுத்தாள். மாஸ்டரம்மாவிடமிருந்து மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது.

ரவுண்டானாவைத் தாண்டும்போது நாத்தனாரால் பொறுக்க முடியவில்லை.

"ஏதாவது சொல்லுங்க அண்ணி. பயமா இருக்கு."

"என்னத்தடி சொல்லச் சொல்ற?" என்று எரிந்து விழுந்தாள் மாஸ்டரம்மா. "நல்லாத்தானே ஓட்டற!"