ஆறாவது கூடை

மொபெட்டைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, கணவரின் தோளுக்கடியில் கைகொடுத்து இறக்கினாள் சின்னத்தாயி. சென்னகிருஷ்ணனின் உடம்பு ஒரே வருசத்தில் பாதியாகியிருந்தது. இதயம் வீங்கியிருக்கிறது, வாசலைத் தாண்டக் கூடாது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லி இருபது நாள் ஆகிறது. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மகன் பாலுசாமியும் தினமும் போனில் அதையேதான் சொன்னான். ஆனால் அன்று விடிந்ததும், "ஒரே ஒரு ஆட்டம், தாயி" என்று அவர் கேட்டார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்தில் எதையும் கேட்ட மனிதரில்லை அவர்.

கிணத்துக்கடவுப் பஞ்சாயத்துப் பூங்காவில் ஒன்பது கூடைகள் உண்டு. எல்லாம் அவர் வெல்டிங் வைத்தவை. ஆளுயர இரும்புக் குழாய், உச்சியில் சைக்கிள் ரிம், அதிலிருந்து தொங்கும் சங்கிலிகள், கீழே கம்பிக் கூடை. தூரத்திலிருந்து எறியும் பிளாஸ்டிக் தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு ஜெயம். தொண்ணூற்றொன்றில், அவர் ஃபிட்டராக இருந்த மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த அமெரிக்கக்காரர் ஒருவர் பழக்கிவிட்டுப் போன ஆட்டம். அந்த மனிதர் ஊருக்குப் போனபின் கூட ஆட ஆளில்லாமல் சென்னகிருஷ்ணன் மனைவியைக் கூப்பிட்டார்.

புருசனும் பொண்டாட்டியும் தோசைக்கல் வீசி விளையாடுகிறார்கள் என்று சந்தையில் சிரித்தார்கள். முதல் மாதம் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் எறிந்தாள். இரண்டாம் மாதம் அவரைத் தோற்கடித்தாள். அன்று அவர் பால் சொசைட்டியில் வண்டியை நிறுத்தி, கேன் வைத்துக்கொண்டு நின்றவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

வீட்டில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பூங்காவில் பாலக்காட்டுக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும். பாலுசாமி மில் வேலையை விட்டுப் பண்ணை வைக்கட்டும் என்று முடிவு செய்தது மூன்றாவது கூடைக்கும் நான்காவதுக்கும் நடுவில்தான். அவள் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பயந்து அழுததும் அங்கேதான்.

இன்று முதல் கூடைக்கே அவருக்கு எட்டு வீச்சு ஆனது. இரண்டாவதில் அவள் ஒரு தட்டை வேண்டுமென்றே ஓரமாக விட்டாள். அவர் நின்றுவிட்டார்.

"உட்டுக் குடுக்கறதுன்னா ஊட்டுக்கே போயிரலாம்."

அதற்குப் பிறகு ஒழுங்காக ஆடினாள். ஐந்தாவது முடியும்போது பதினோரு வீச்சு முன்னால் இருந்தாள். ஆறாவது கூடை குளத்து மேட்டில். அவர் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "நீ எறி. நான் மெதுவா வாரேன்."

எறிந்தாள். தட்டு காற்றில் இடப்பக்கம் சாய்ந்து, வேப்பங்கிளையைச் சுற்றிக்கொண்டு போனது. சங்கிலி கலகலத்தது. ஒரே வீச்சு. இத்தனை வருசத்தில் அவர்கள் இருவருக்குமே வாய்க்காதது. சிரித்தபடி திரும்பினாள். அவர் கூடையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டபோதும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலிச் சத்தம் அவருக்குக் கேட்டதா, அதற்கு முன்னாலேயே போய்விட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பூங்காக் காவல்காரர் சீனிவாசலுதான் வேன் பிடித்து வந்தார். உடம்பை ஏற்றியபின் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஊட்டுல கட்டல்லயே போயிட்டாருன்னு சொல்லிப்போடலாமுங்க. இல்லீன்னா பையன் உங்களைத்தானுங்க பேசும்."

அவள் வேனில் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் கூட்டம் சேர்ந்தபோது சீனிவாசலுவே அப்படிச் சொன்னார், எல்லோரும் நம்பினார்கள். பாலுசாமி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, ஊட்டுக்குள்ளயே அலுங்காமப் போயிட்டாரு, அதுவே போதும் என்று வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி அழுதான். அவன் சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் தரையைப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை உறவுக்காரர்கள் கலைந்தபின் அவனுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்ததும் சொன்னாள்.

"கட்டல்ல இல்லீங் கண்ணு. பூங்காவுல. நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

பாலுசாமி டம்ளரைக் கீழே வைத்தான். காப்பியில் ஆடை படிந்தது. டாக்டர் சொன்னதைச் சொல்லுவான், தான் போனில் கெஞ்சியதைச் சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவன் கேட்டது வேறு.

"ஆட்டத்துல ஆருங்கம்மா முன்னால இருந்தது?"

"நாந்தான்."

அவன் தலையாட்டினான். 

தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று வெளியே குரல் கேட்டது. எட்டு நாளுக்குப் பின் வருகிறது. அவள் எழப்போனாள். அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தான். சமையற்கட்டிலிருந்து இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கி, மழித்த தலையில் வெயில் பளபளக்க, பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றான்.