துவைத்த சட்டை

பால் வாளியோடு பின்வாசலைத் தாண்டிய மருமகள் துணிக்கொடியைப் பார்த்து நின்றுவிட்டாள். மாமனாரின் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. அது நீலக் கட்டம் போட்ட சட்டை என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள். கழுத்துப்பட்டை, அக்குள், கைமடிப்பு, எங்கே முகர்ந்தாலும் சோப்பு. துவைத்தவர் ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை.

அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரர் முன்னறைக் கட்டிலில், குளிப்பாட்டிய உடம்போடு, சலவை உடுப்பில் கிடந்தார். நெஞ்சுச்சளியோடு சில நாள் மல்லுக்கட்டிவிட்டு விடியும் நேரத்தில் போயிருந்தார். மதியத்துக்கு மேல் எடுப்பதாகப் பேச்சு.

யார் துவைத்தது என்று விசாரிக்க வேண்டியதில்லை. மாமியாரின் கைகள் குளிர்ந்த தண்ணீரில் சிவந்து இன்னும் நிறம் திரும்பவில்லை. மனிதர் போன கொஞ்ச நேரத்தில் கிழவியைக் காணோம் என்று தேடினார்கள். கிணற்றடியில் இருந்திருக்கிறார்.

அந்தச் சட்டை அந்தத் தம்பதிக்குள் நடந்த நீண்ட நாள் சண்டை. வாசல் ஆணியில் தொங்கும். தொழுவத்துக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வார். துவைக்கக் கேட்டால் தரமாட்டார். "வாடை போயிட்டா அவ என்னை யாருன்னு கேப்பா" என்பார். அவ என்றால் வெள்ளைப் புள்ளி மாடு. மற்ற மாடுகள் யார் கை வைத்தாலும் கறக்கும். இது மட்டும் ஆள் பார்க்கும். மாமியார் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார், பாசத்தில் அல்ல. வீட்டுக்குள் நாலு வார்த்தை பேசினால் நாக்குத் தேய்ந்துவிடும் என்பதுபோல் இருக்கிற மனிதர், தொழுவத்தில் போய் மணிக்கணக்காகப் பேசினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்? நாற்றம் தாங்கவில்லை என்று சொல்லி மாமியார் தொழுவத்துப் பக்கமே போவதில்லை. காரணம் நாற்றம் இல்லை என்பது மருமகளுக்குத் தெரியும்.

மகாராணி போன வாரம்தான் ஈன்றது. கன்று மறுநாளே செத்தது. அதற்குப் பிறகு மாமனாரைத் தவிர யாரையும் அண்டவிடவில்லை. அவர் படுத்த அன்று சட்டையை மருமகளிடம் எறிந்து, "இதப் போட்டுக்கிட்டுப் போ. அங்க போய் வாயத் திறக்காத" என்றார். சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டு மாடு பால் விட்டது. நேற்றுச் சாயங்காலம் வரை அப்படித்தான் நடந்தது. இன்று காலையில் அழுகையும் ஆள் வரவுமாக இருந்ததில் அதைக் கறக்கவில்லை.

இப்போது அது கதறுகிற கதறல் முன்னறை வரை கேட்டது. "வாயில்லா ஜீவனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குத் தெரிந்ததெல்லாம் மடி கனம்தான். ஒரு காம்பு கல்லாகி, தொட்டால் சுட்டது. மாட்டு டாக்டரைப் போனில் பிடித்தபோது, பனி விடுகிற சமயம், எல்லா இடத்திலும் மாடுகள் ஈனுகின்றன, நாளைக்குத்தான் வர முடியும் என்றார். அதற்குள் எப்படியாவது கறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மடி போய்விடும் என்றும் சொன்னார். மடி போன மாட்டுக்கு இந்த மாதிரிச் சின்னப் பண்ணையில் இடம் கிடையாது. கசாப்பு வண்டிதான்.

அதைவிட ஒன்று அவளை அரித்தது. நேற்று விளக்கு வைத்த பிறகு மாமனார் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "அவளப் பாத்துக்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மாட்டையும் அவர் அவ என்பார், பெண்டாட்டியையும் அவ என்பார். எந்த அவ என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கட்டிலுக்கு மறுபுறம் உட்கார்ந்து மாமியாரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருமகள் உள்ளே போய் மாமியாரைப் பின்னறைக்கு அழைத்தாள். கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"சட்டையத் துவைச்சிட்டீங்களா அத்தை?"

"எத்தனை வருஷமாக் கேட்டேன். குடுத்தாரா? இன்னிக்குத் தடுக்க ஆளில்ல."

அவர் வாடையோடு தலையணை உறையாவது இருக்கிறதா என்று கேட்டாள். படுக்கை, உறை, துண்டு எல்லாவற்றையும் ஊறப்போட்டாயிற்று என்றார் மாமியார். கடைசியில் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"போற நேரத்துலயும் அவளத்தானே பாத்துக்கச் சொன்னாரு. போ, போய்ப் பாரு."

உங்களைத்தான் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நிச்சயமாகத் தெரியாததைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள்.

வெயிலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது. தொட்டித் தண்ணீரில் காலையில் படியும் பனிக்கட்டி இன்று இல்லை. வேலியோரம் புல் தலைகாட்டியிருந்தது. அடுத்த வாரம் மாடுகளை வெளியே விடலாம் என்று மாமனார் படுக்கையிலிருந்தபடியே திட்டம் போட்டிருந்தார். அதை நினைத்ததும் காலையிலிருந்து வராத அழுகை அவளுக்குத் தொழுவத்து வாசலில் வந்தது. அழுதுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெந்நீரில் துணி நனைத்து மடியில் ஒற்றினாள். மாடு நடுங்கியது. காம்பில் கை வைத்ததும் உதைத்த உதையில் வாளி சுவரில் போய் மோதியது. சத்தம் கேட்டு அவள் கணவன் கயிற்றோடு வந்தான், காலைக் கட்டிவிட்டுக் கறக்கலாம் என்றான். கட்டினால் பாலை இன்னும் மேலே ஏற்றிக்கொள்ளும், தள்ளிப் போங்கள் என்றாள். அப்பனைப் பறிகொடுத்தவன், என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனான்.

மறுபடி நிழல் விழுந்தது. அவன்தான் என்று நினைத்து நிமிர்ந்தாள். மாமியார் நின்றார். செருப்பு சாணிக்குள் புதைந்திருந்தது.

"அந்த மனுஷன நிம்மதியாப் போக விடுறாளா பாரு" என்று சொல்லிக்கொண்டே நேராக மாட்டின் முகத்துக்கு முன்னால் போனார். சக்களத்தியிடம் நியாயம் கேட்க வந்தவர் மாதிரிதான் இருந்தது. மருமகள் தடுக்க எழுந்தாள்.

மாடு கழுத்தை நீட்டியது. மூக்கைச் சால்வைக்குள் நுழைத்து, நீளமாக மூச்சை இழுத்தது. நடுக்கம் நின்றது.

அப்போதுதான் மருமகள் அந்தச் சால்வையைச் சரியாகப் பார்த்தாள். குளிர் நடுக்கத்தில் கிடந்தவருக்கு இத்தனை இரவும் போர்த்தியிருந்தது அதுதான். விடியற்காலையில் அதை அவர் மேலிருந்து எடுத்துப் போர்த்திக்கொண்ட மாமியார், கிணற்றடியில்கூட இறக்கி வைக்கவில்லை. அவர் உடம்பில் பட்ட அத்தனை துணியும் சோப்பைப் பார்த்துவிட்டது, அதைத் தவிர.

காம்பிலிருந்து ஒரு சொட்டுப் பால் தானாக விழுந்தது. பிறகு இன்னொன்று.

"அத்தை, அப்படியே நில்லுங்க. நகராதீங்க."

அவள் உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தாள். வெறும் வாளியில் பால் பட்டு ணங் ணங்கென்று கேட்டது, பிறகு நுரை சத்தத்தை அமுக்கியது. சுட்ட காம்பிலிருந்து முதலில் திரிந்து வந்ததைத் தரையில் பீய்ச்சினாள். அப்புறம் நல்ல பால் வந்தது.

மாமியார் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மாடு சால்வையை விட்டு மூக்கை எடுக்கவில்லை. வாளி பாதி நிறைந்தபோது மாமியார் கேட்டார்:

"அப்படி என்னதான் பேசுவாரு இதுகிட்ட?"

மருமகள் கையை நிறுத்தாமல் சொன்னாள்: "உங்களப் பத்தித்தான் அத்தை. அன்னன்னிக்கு நீங்க என்னென்ன திட்டினீங்களோ, ஒண்ணு விடாமச் சொல்லுவாரு. உங்க குரல்லயே சொல்லுவாரு."

அது பொய்யில்லை. பல காலைகளில் பக்கத்து மாட்டடியில் உட்கார்ந்து அவளே கேட்டுச் சிரிப்பை அடக்கியிருக்கிறாள். இத்தனை நாளாக மாமியாரிடம் ஏன் சொல்லவில்லை என்று இப்போது அவளுக்கே புரியவில்லை.

மாமியாரின் முகம் கோணியது, பிறகு நேரானது. சிவந்த கையை எடுத்து மாட்டின் நெற்றியில் வைத்தார். அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்தார்.

"சட்டையத் துவைச்சிட்டேன்டி" என்றார்.

வாளி நிறைந்தபோது கணவன் மறுபடி வாசலில் வந்து நின்றான். எடுக்க நேரமாகிறது, அம்மாவுக்கு வெந்நீர் வைத்திருக்கிறார்கள், குளித்து வேறு உடுத்திக்கொண்டு வந்துவிடட்டும் என்றான்.

"வேணாம். நான் இப்படியே வரேன்" என்றார் மாமியார். இரண்டு எட்டு வைத்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் எப்போ கறக்கணும்?"

"பொழுது சாயற நேரத்துல, அத்தை."

கொடியில் தொங்கிய சட்டைக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனார். முன்னறையில் வழி விட்ட பெண்கள் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மாட்டின் எச்சில் காயாத சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.