இருபது வரைக்கும்

வகுப்பாசிரியை ஜன்னல் வழியே விரலை நீட்டிக் காட்டினார். மூன்றாவது வரிசையில் அவன் மகள் மேசைமேல் கன்னம் அழுந்தத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை பத்தரை மணி. பென்சில் இன்னும் கையில் இருந்தது. பக்கத்துப் பெண் அதை மெல்ல உருவப் பார்த்தாள், பிடி விடவில்லை.

“இந்த வாரத்துல நாலாவது தடவை சார். திட்டவும் மனசு வரல. வீட்டுல எத்தனை மணிக்குப் படுக்க வைக்கிறீங்க?”

“எட்டரைக்கு.”

“எட்டரைக்குப் படுத்த புள்ள மாதிரியா இருக்கு?”

அவன் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தான், சட்டையில் கிரீஸ். ஆசிரியை பேசிக்கொண்டிருக்கும்போதே தன் கண்ணும் சொருகுவது தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். மனைவி இறந்துபோய் ஐந்து மாதமாக இப்படித்தான். சிக்னலில் சிவப்பு விழுந்தால் தூக்கம். லிஃப்ட் கூண்டின்மேல் உட்கார்ந்து வயரைப் பிரிக்கும்போதும் தூக்கம். ஆனால் காலையில் எழுந்தால் யாரோ இரவெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலிக்கும். “சோகம் சில பேருக்கு அழுகையா வரும், உனக்குக் கொட்டாவியா வருதுப்பா” என்றார் கூட வேலை பார்க்கும் தாடிக்காரர். கேட்க நன்றாக இருந்ததால் அவனும் நம்பிவிட்டான். சோகமென்று தனியாக எதுவும் வந்ததாக அவனுக்கு நினைவில்லை.

மகள் தூங்காததற்கு ஒரே ஒரு காரணம்தான் அவனுக்குத் தோன்றியது: தன் குறட்டை. மனைவி அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தாள். “எக்ஸ்பிரஸ் கிளம்பியாச்சு, திரும்பிப் படுங்க” என்று முழங்காலால் ஓர் இடி. பத்து வருஷம் அந்த இடியை வாங்கியவன் அவன். எட்டு வயதுப் பிள்ளை, ஒரே அறையில், அதுவும் பக்கத்துக் கட்டிலில், எப்படித் தூங்கும்? அன்றே மெத்தையை இழுத்துப்போய்க் கூடத்தில் போட்டான்.

“கதவு திறந்தே இருக்கட்டும்ப்பா” என்றாள் மகள்.

“சத்தம் கேக்கும் குட்டி.”

“கேக்கட்டுமே.”

நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் கதவை இழுத்துச் சாத்திவிட்டான்.

மறுவாரம் விளையாட்டு வகுப்பில் அவள் நின்றபடியே சரிந்து விழுந்தாள். உதட்டில் ஒரு தையல். செய்தி மனைவியின் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் இரண்டு முறை சொல்லிப் பழக்கமில்லாதவர். ஞாயிறு மதியம் ஒரு காலிப் பையோடு வந்து நின்றார்.

“ஒரு வருஷம் என்கிட்ட இருக்கட்டும் தம்பி. நான் என்ன வேத்தாளா? உங்க முகத்தை நீங்க கண்ணாடில பாத்தீங்களா? உங்களைப் பாத்துக்கவே ஒரு ஆள் வேணும்.”

“சரிக்கா” என்றான்.

இவ்வளவு சீக்கிரம் சரி என்பான் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை போல. ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார். பிறகு ஐந்து மணிக்கு டாக்சி சொல்லிவிட்டு, அலமாரியைத் திறந்து மகளின் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார். பள்ளிச் சீருடை, ஸ்வெட்டர், ஒரு காலுக்கு மட்டும் இருந்த சாக்ஸ். மகள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. “அங்க போனா அப்பா யார்கூட இருப்பாரு?” என்று மட்டும் கேட்டாள். “அப்பா பெரிய ஆளும்மா” என்றார் பெரியம்மா. மகள் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து பை நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தலை பின்னால் சாய்ந்துவிட்டது.

கால் கட்டைவிரலில் சுரீரென்று ஒரு வலி. மூச்சு ஏங்கி, இருமிக்கொண்டு விழித்தான்.

காலடியில் மகள் குந்தியிருந்தாள். அவன் கட்டைவிரல் அவள் பிடியில். அவளுக்குப் பின்னால் பெரியம்மா, கையில் பாதி மடித்த கவுனோடு, முகம் வெளுத்து நின்றார்.

“என்ன பண்ற?” என்றான்.

“இருபது வரைக்கும் எண்ணுவேன். அதுக்கு மேல மூச்சு வரலைன்னா கிள்ளணும்.”

“யார் சொன்னா?”

“அம்மா. ஆஸ்பத்திரில. அம்மா வர்ற வரைக்கும் நான்தான் பாத்துக்கணும்னா.” கொஞ்சம் நிறுத்தி, குற்றம் சாட்டும் குரலில் சொன்னாள்: “கதவைச் சாத்தினா கேக்க மாட்டேங்குது. கதவுகிட்ட வந்து நிக்க வேண்டியிருக்கு. கால் வலிக்குது.”

பெரியம்மா கவுனைக் கட்டில்மேல் போட்டுவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார்.

“இருபத்தஞ்சு செகண்ட். நானும் கடிகாரத்தைப் பாத்தேன். இது வெறும் குறட்டை இல்ல தம்பி. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைச்சுக்குது. மூச்சு நின்னதும் மூளை உங்களை உலுக்கிவிடும். எழுந்ததே உங்களுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க இதே கூத்து, அப்புறம் பகல்ல எப்படி முழிப்பு இருக்கும்? ஒருக்களிச்சுப் படுத்தா கொஞ்சம் தேவலை. பாவி, என் தங்கச்சி அதுக்குத்தான் இடிச்சு இடிச்சுத் திருப்பிவிட்டிருக்கா. திங்கக்கிழமை டெஸ்டுக்கு எழுதி வாங்கறேன். தூங்கும்போது மாட்டிக்க மெஷின் இருக்கு, சரியாயிடும்.” பிறகு மகளை இழுத்து மடியில் உட்கார வைத்தார். “நீ கிள்ளலைனாலும் அப்பா எழுந்திருப்பாருடி. அவர் மூளையே எழுப்பிவிட்டுடும்.”

“அப்ப அம்மாவோட மூளை ஏன் எழுப்பல?”

நர்ஸுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அவனைத்தான் பார்த்தார். அவள் இறந்த அந்த விடியற்காலையில் ஆஸ்பத்திரி அறைக்குள் குடும்பத்தில் இருந்தது அவன் ஒருவன்தான். அதைப் பற்றி இதுவரை ஒருவரிடமும் அவன் பேசியதில்லை. கேட்டவர்களிடம் நாலு மணி என்று மட்டும் சொல்லியிருந்தான்.

“அம்மா அன்னிக்குத் தூங்கல குட்டி” என்றான். “முழிச்சிருந்தா. நானும் பக்கத்துலயே முழிச்சிருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். டாக்டர் இருந்தாரு. எல்லாரும் முழிச்சிருந்தோம். முழிச்சிருந்தும் நிறுத்த முடியல.”

“நான் மட்டும்தான் தூங்கிட்டேனா?”

“ஆமா. நீ தூங்கினதால ஒண்ணும் ஆகல.”

அவள் அதை யோசித்தாள். தையல் போட்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். கண் தானாக மூடியது. மூடியதும் திடுக்கிட்டுத் திறந்தது.

“தூங்கு. நான் முழிச்சுத்தான் இருக்கேன்.”

“நீங்க உக்காந்தாலே தூங்கிடுவீங்க.”

“அப்ப நிக்கறேன்.”

எழுந்து நின்றான். நின்றுகொண்டும் தூங்குவார் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். “நான் அவரைப் பாத்துக்கறேன், படு” என்றார் பெரியம்மா. “நீங்க ரொம்ப வேகமா எண்ணுவீங்க பெரியம்மா” என்றாள் அவள், வாக்கியத்தின் கடைசி எழுத்துகள் குழைய. அப்படியே பெரியம்மா மடியில் தூங்கிப்போனாள்.

மூன்றே கால் ஆயிற்று. நான்கு ஆயிற்று. பெரியம்மாவுக்குக் கால் மரத்துப்போயிருக்க வேண்டும், அசையவில்லை. அவன் சுவரில் தோளைச் சாய்க்காமல் நின்றான். கண் எரிந்தது. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவி, துடைக்காமல் வந்து மறுபடி நின்றான். மகளின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தான். மூடிய இமைக்குள் கண்மணி இப்படியும் அப்படியும் ஓடியது, ஏதோ கனவு.

நாலே முக்காலுக்குப் பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கட்டில்மேல் வாய் திறந்திருந்த பையை. பிறகு அவனை.

“வேண்டாங்க்கா” என்றான், உதடு மட்டும் அசைய.

அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த டாக்சி டிரைவர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள். மேலே வந்து மணியைத்தான் அழுத்துவார்கள். அவன் வேலைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, செருப்புப் போடாமல் வெளியே போனான். அழைப்பு மணியின் மூடியை இரண்டு திருகில் கழற்றி, ஒரு வயரை உருவி விரலால் பிடித்துக்கொண்டான். கீழ்ப்படிகளில் பூட்ஸ் காலடி ஏறி வந்தது. ஒரு கையில் வயரோடு, மறு கையின் விரலை உதட்டில் வைத்தபடி, முகத்தில் இன்னும் தண்ணீர் சொட்ட, அவன் கதவை மறைத்து நின்றான்.