வெறும் மாவு

விடியற்காலை ஐந்து மணிக்கே புவெப்லா நகரத்து அந்தப் பட்டறையில் வெக்கை கண்ணைக் கரிக்கும். பன்னிரண்டு பெண்கள், ஆறு இரும்பு அச்சுகள். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, காய்ந்த தட்டின்மேல் ஒரு கரண்டி ஊற்றி, கீல் வைத்த மேல்தட்டை இறக்கி அழுத்தினால் ஆவி சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும். திறந்தால் காகிதம்போல ஒரு வெள்ளைத் தகடு, அதில் வரிசையாகச் சிலுவைகள். வட்டம் வட்டமாக வெட்டிவிட்டால் நாற்பது தேவாலயங்களின் பூசைக்கான நற்கருணை அப்பம். இருபத்திரண்டு வருடமாக இதைச் சுடும் ஒதிலியாவுக்கு முழங்கை வரை தழும்பு. ஊரார் நாக்கில் கரையும் அப்பம், சுடுகிறவள் தோலைத்தான் முதலில் தின்னும்.

மூன்றாவது அச்சின் கீல் ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. முதலாளி தோன் கசிமீரோவிடம் அவர்கள் சொல்லாத நாளில்லை. "ஈஸ்டர் முடியட்டும்" என்பார். ஈஸ்டருக்குத்தான் வியாபாரம் அதிகம்.

புனித வாரத்துத் திங்கட்கிழமை, அந்த அச்சில் நின்ற எவேலியா மேல்தட்டைத் தூக்கியபோது அப்பத் தகடு மறுபக்கம் நழுவியது. பூசையில் குருவானவர் கைபட்டால்தான் அது ஆண்டவரின் திருவுடல்; இது இன்னும் கைபடாத அப்பம்தான். இருந்தாலும் சிலுவை பதிந்ததாயிற்றே, தரையில் விழலாமா? அந்தப் பெண்கள் அப்படித்தான் வளர்ந்திருந்தார்கள். எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினாள். கீல் பிடுங்கிக்கொண்டது. கொதிக்கும் இரும்பு அப்படியே அவள் மணிக்கட்டின்மேல் இறங்கியது.

அலறல் கேட்டு வந்த தோன் கசிமீரோ மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

"உன்னை யாரு கையை நீட்டச் சொன்னா? அது என்ன ஆண்டவரோட திருவுடலா? இன்னும் பூசையே வைக்கல. வெறும் மாவுடி, மாவு! விழுந்தா கூட்டித் தள்ளிட்டுப் போறது!"

"ஆஸ்பத்திரிக்கு..." என்று இழுத்தாள் ஒதிலியா.

"அவ மடத்தனத்துக்கு நான் எதுக்கு அழணும்? இனிமே அவ வரவேண்டாம். ஒத்தக் கையை வெச்சுக்கிட்டு என்னத்தக் கிழிப்பா?"

அன்றே மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். கீல் மாற்றி, எவேலியாவுக்கு வைத்தியம் பார்த்து, திரும்ப வேலையும் கொடுக்கும்வரை ஒரு அச்சும் சூடேறாது. ஒதிலியாவும் தலையாட்டினாள், ஆனால் மனது கேட்கவில்லை. வியாழக்கிழமை, ஆண்டவரின் கடைசி இராவுணவை நினைக்கும் பூசை. அன்றைக்கு அப்பம் இல்லாமல் செய்வதா? மற்றவர்கள் கூலிக்குப் பயந்தார்கள், அவள் நரகத்துக்குப் பயந்தாள்.

செவ்வாய் விடியலில் அடுப்புகள் செத்துக் கிடந்தன. தோன் கசிமீரோ கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார். எந்தக் கொம்பை வளைத்தால் மரமே சாயும் என்று அவருக்குத் தெரியும்.

"ஒதிலியா, நீயுமா? கோயிலே கதின்னு கெடக்கிறவளாச்சே! இது என்ன செருப்புக் கம்பெனியா, வேலைநிறுத்தம் பண்ண? நம்ம கையில இருக்கிறது கிறிஸ்துவோட உடம்பும்மா! பெரிய நாளும் அதுவுமா சனங்களைப் பட்டினி போடப் போறியா? இந்தப் பாவத்தை எந்தத் தண்ணியில கழுவுவ?"

பத்துப் பெண்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.  ஒதிலியாவின் காதில் நேற்றைய அலறல் இன்னும் நிற்கவில்லை.

"நேத்து எவேலியா கை வெந்தப்ப வெறும் மாவுன்னீங்களே முதலாளி. ஒரே ராத்திரியில எந்தச் சாமியார் வந்து பூசை வெச்சார்?"

யாரோ களுக்கென்று சிரித்தாள். அவர் முகம் சிவந்துபோயிற்று.

"வாய் ரொம்ப நீளுது!"

"கையை நீட்டினவளுக்குக் கை வெந்துச்சு. வாயாவது நீளட்டும்."

"வெளிய போங்கடி எல்லாரும்! மலையடிவாரத்துலேருந்து ஆள் கொண்டாரேன். பசிச்சவளுக்கா இந்த நாட்டுல பஞ்சம்?"

பதினொரு பேரும் வாசலுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்தார்கள்.

"பாவமோன்னு பயமாத்தான்டி இருக்கு," என்றாள் ஒதிலியா.

"கீலை மாத்தாதவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு அலையுறான். உனக்கு எதுக்குக்கா பயம்?" என்று சீறினாள் பக்கத்திலிருந்த தோமாசா.

பத்து மணிக்கு ஒரு வண்டி வந்தது. சால்வை போர்த்திய ஆறு பெண்கள் இறங்கினார்கள், புழுதி அப்பிய முகங்கள். "கருங்காலிங்களா!" என்று தோமாசா கல்லை எடுத்தேவிட்டாள். ஒதிலியா அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

"சாப்டீங்களாம்மா?" என்று கேட்டாள் வந்தவர்களை.

மூத்தவள் மட்டும் இல்லையென்று தலையசைத்தாள்.

ஒதிலியா தன் துணி மூட்டையை அவிழ்த்தாள். மூன்று எள்ளு ரொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் பிய்த்து ஆறு பேருக்கும் கொடுத்தாள்.

"உள்ள மூணாவது அச்சுல கீல் பிடுங்கிக் கெடக்கு. எங்க பொண்ணு கை அதுலதான் வெந்துச்சு. சொல்லிட்டேன். தின்னுட்டு உள்ள போறதுன்னாலும் போங்க, கொடுத்ததைத் திருப்பிக் கேக்க மாட்டேன். இருந்த அஞ்சு அப்பத்தைப் பிட்டு ஐயாயிரம் பேர் பசியை ஆத்தினப்ப ஆண்டவர் ஒருத்தரையும் நீ யாருன்னு கேக்கல. முதல்ல எல்லாரையும் உக்கார வைங்கன்னார்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே வியப்பாக இருந்தது. நரகத்துப் பயத்தைக் காணவில்லை. பூசையில் எத்தனையோ முறை தேடிய ஆண்டவர் இந்தப் புழுதியில் பக்கத்திலேயே இருக்கிறார் என்று நிச்சயமாகப் பட்டது.

"அங்க என்ன பேச்சு? உள்ள வாங்கடி!" என்று தோன் கசிமீரோ கதவருகே நின்று கத்தினார்.

மூத்தவள் அவரைப் பார்த்தாள், கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதிலியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர்.

மற்ற மூவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். தோமாசா கல்லைக் கீழே போட்டுவிட்டு, நகர்ந்து அவர்களுக்கும் இடம் விட்டாள்.