முன்சீட்டும் மூன்று லத்தீன் சொற்களும்

ஸ்டான்லியின் ஜீப்பில் முன்சீட்டு பதினோரு வருடமாகக் கிருபாராணியுடையது. அவன் அவளுடைய புருஷன். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கும் பெண்களை ஏற்றிப்போவது அவன் சோலி. பின்னால் பன்னிரண்டு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். கூடக் காய் பறிக்கப் போகும் இவள் மட்டும் முன்னால் காற்று வாங்கிக்கொண்டு போவாள்.

ஆடி மாதம், கூடப் பறித்துக்கொண்டிருந்த அருணாவைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். தோட்டத்து ஜீப்பில் முன்சீட்டு சூப்பர்வைசருக்கு என்பது யாரும் எழுதிவைக்காத வழக்கம். கிருபாராணி பின்னால் போனாள்.

இடம் போனதைக்கூடப் பொறுத்திருப்பாள். முன்னாலிருந்து கேட்ட பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏண்ணே, தெனம் சூப்பர்வைசர்னு கையெழுத்துப் போடுறேன். அதுக்கு என்னண்ணே அர்த்தம்?"

ஸ்டான்லி கல்யாணத்துக்கு முன்பு சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் இரண்டு வருடம் லத்தீன் படித்தவன். "லத்தீன்ல சூப்பர்னா மேலே. மிச்சம் இருக்கறது பாக்குறது. மேல இருந்து பாக்குறவ. நம்ம கங்காணிதான், வேறென்ன?"

"அப்ப நல்லாருக்குன்னு சொல்றமே, அந்தச் சூப்பரு?"

"எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லிச் சொல்லி அப்படி ஆயிருச்சு."

இருவரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து கிருபாராணி கண்ணாடியில் தெரிந்த அவன் வாயையே பார்த்தாள். "வெரசா ஏறு", "சோறு கட்டிட்டியா" என்பதைத் தவிர இந்த வாய் அவளிடம் என்ன பேசியிருக்கிறது?

"உம் புருஷன் இம்புட்டுப் படிச்சவரா ஆத்தா?" என்று பக்கத்திலிருந்த சுருளியம்மாள் இடம் பார்த்துக் குத்தினாள். "எங்ககிட்ட மறைச்சியா, உனக்கே தெரியாதா?"

அன்று செடிக்கடியில் குத்தவைத்த கிருபாராணியின் கண் காயில் இல்லை. விளைந்ததோடு இளங்காயும் கூடையில் விழுந்தது. பழகிய கை செய்யக் கூடாத தப்பு அது. எடைபோட வந்த அருணா கூடைக்குள் கைவிட்டு அளைந்தாள். இளங்காய்களைப் பொறுக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"எந் தப்ப நோட்டுல எழுதிக்க. மேல இருந்து பாக்குறவதானே நீயி" என்றாள் கிருபாராணி.

"எதுக்குக்கா? உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அந்தக் கனிவை என்ன செய்வது?

சாயங்காலம் அருணா முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கிருபாராணி ஸ்டான்லியின் பக்கமாகப் போய், "தள்ளு" என்று அவனைத் தாண்டி உள்ளே புகுந்தாள். நடுவிலிருந்த எடைமிஷினைத் தூக்கி அருணா மடியில் வைத்துவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தாள்.

"ஏ, கியர் போட முட்டி இடிக்கும்."

"இடிக்கட்டும். மேலேங்கறது சூப்பரு. கீழேங்கறதுக்கு என்ன?"

அவன் ஒரு வளைவு இறங்கும்வரை அவளையே ஓரக்கண்ணால் பார்த்தான். "சப்பு. சப் இன்ஸ்பெக்டர்னு சொல்றமே."

"அது எனக்கு வேணாம். நடுவுலேங்கறதுக்கு?"

"இன்டரு. இன்டர்வெல்னா லத்தீன்ல ரெண்டு மதிலுக்கு நடுவுல உள்ள எடம்."

கிருபாராணி ஒரு முழங்கையை இந்த மதில்மேலும் ஒன்றை அந்த மதில்மேலும் ஊன்றினாள்.

"அப்ப நாளையிலருந்து நான் இன்டரு," என்றாள். "ரோட்டப் பாத்து ஓட்டு."